கருவிழிக் காயமும் முதல் நாளும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பதை மறுப்பார் இலர். பெற்ற குழந்தையைக் ‘கண்ணே’ என்று அழைப்பவரும், பேணிக் காத்தலைக் ‘கண்ணை இமை காப்பது போல’ என்று சொல்லிப் பழகியவரும் நாமே. ஆயினும் அந்தக் கண்ணில் ஒரு நெற்சுணை கீறிவிட்டால், அதனைக் காலில் தைத்த முள்ளினும் சிறிதாக எண்ணி, ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவோரும் நாமே. மதுரையைச் சூழ்ந்த வயல்வெளிகளில் அந்த ‘நாளை’ என்னும் ஒரு சொல்லால் ஒளியிழந்த கண்கள் பல. கண்ணின் மேற்பரப்பு காயம்பட்டபின் எவ்வாறு ஆறுகின்றது என்பதை அறிந்தோமாயின், அச்சொல் எத்துணைக் கொடியது என்பது நமக்கு விளங்கும். அதனை விளக்கி, கற்றவராகிய நமக்குரிய கடமை ஒன்றை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணின் முன்புறத்தே, கருமையாகத் தோன்றும் பகுதியின்மேல், கடிகாரத்தின் முகத்தை மூடிய கண்ணாடி போலத் தெளிந்த படலம் ஒன்று அமைந்துள்ளது. இதனைக் கருவிழிப் படலம் என்பர். இதன் அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவிடத்தில் இதன் பருமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஒளி தடையின்றிச் செல்லவேண்டிய வாயிலாதலின், இதனுள் இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை. தனக்கு வேண்டும் பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றினின்று கண்ணீர் வழியாகவே இது பெறுகின்றது. நரம்பு நுனிகளோ இதில் மிக நெருங்கிக் கிடக்கின்றன. ஆதலின் அன்றோ கடுகின் அளவினும் சிறிய தூசியும் நம்மைத் துடிக்கச் செய்கின்றது! அத்துடிப்பு நமக்குத் தொல்லையாகத் தோன்றினும், உண்மையில் அது வாயிற்காவலன் எழுப்பும் கூக்குரலே.

இப்படலத்தின் மிக மேலே இருப்பது ஒரு நுண்ணிய தோல். உயிரணுக்கள் ஐந்து முதல் ஏழு அடுக்காக அமைந்த இத்தோலின் பருமன் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டரே ஆகும். அதன் கீழே, அத்தோலைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய சவ்வும், அதற்கும் கீழே, நெய்த துணியின் இழைகள் போல ஒழுங்குபட நிரல்பட்ட நார்களாலாகிய தடித்த பகுதியும் உள்ளன. மேற்றோலில் மட்டும் பட்ட காயம் ஒரு வகை. நார்ப்பகுதி வரை இறங்கிய காயம் மற்றொரு வகை. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நாம் சொல்லப்போவது அனைத்தும் இதனையே பற்றி நிற்கின்றது.

மேற்றோல் உரிந்த இடம் ஆறும் முறை வியக்கத்தக்கது. காயம்பட்ட சில மணி நேரத்துக்குள், அதன் ஓரத்தில் எஞ்சி நிற்கும் உயிரணுக்கள் தம் பிடியைத் தளர்த்திக்கொள்கின்றன, தட்டையாகின்றன, பின்னர் ஒன்றோடொன்று கைகோத்தாற்போல, வெறுமையான இடத்தை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. அவை செல்லும் வழியில், கண்ணீரிலும் அண்டையிலுள்ள அணுக்களிலும் இருந்து வந்த ஒருவகைப் புரதம் தற்காலிகமான பாய் விரித்தாற்போலப் படிந்து, அவற்றுக்குக் காலூன்ற இடந்தருகின்றது. அவை மணிக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் நகர்வதாகக் கணக்கிட்டுள்ளனர். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள காயத்தில் நாற்புறமுமிருந்து அணுக்கள் நடுவை நோக்கி வருமாயின், புறப்பட்ட நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் அவை ஒன்றையொன்று தொட்டுவிடும். தொட்டபின் ஊர்தல் நிற்கின்றது. அணுக்கள் பிரிந்து பெருகி, அடுக்கின்மேல் அடுக்காகப் பழைய பருமனை நிரப்புகின்றன. சிறு கீறல் ஓரிரு நாளில் மூடிக்கொள்வது இதனாலேயே.

மூடிக்கொண்டதனாலேயே முற்றும் ஆறிவிட்டது என்று எண்ணுதல் பிழை. புதிய தோல் கீழுள்ள சவ்வை உறுதியாகப் பற்றிக்கொள்வதற்குச் சில வாரங்கள், சிலபோது சில மாதங்கள்கூடச் செல்லும். குழந்தையின் நகமோ, தாளின் விளிம்போ, தென்னை ஈர்க்கோ கீறிய கண்ணில், பல வாரங்களுக்குப் பின் ஒரு நாள் விடியற்காலை இமையைத் திறக்கும்போது மறுபடியும் சுரீரென்று வலியெடுப்பது உண்டு. பற்று உறுதிப்படாத தோல் இமையோடு ஒட்டி உரிந்ததே அதற்குக் காரணம். புதிதாக நட்ட நாற்று பச்சென்று நிற்பினும் வேர் பிடிக்கச் சில நாள் வேண்டும் என்பதை அறிந்த உழவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, இத்தோலுக்கு வேண்டிய புதிய அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? வெண்விழியும் கருவிழியும் கூடுகின்ற வளையத்தில் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. வாழ்நாள் முழுவதும் அவை புதிய அணுக்களை ஈன்று நடுவை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் இருப்பிடம் அவ்வளையமே என்பதற்கு வலிய சான்று 1986இல் கிடைத்தது. வளையம் நலமாயிருக்குமளவும், நடுவில் எத்தனை முறை தோல் உரிந்தாலும் மீண்டும் வளரும். வளையமே அழிந்துவிடின், கருவிழியின்மேல் வெண்விழியின் தோல் இரத்தக் குழாய்களோடு படர்ந்து ஒளியை மறைத்துவிடும்.

அவ்வளையத்தை அழிக்கவல்ல பகைவன் நம் வீட்டிலேயே இருக்கின்றான். அவன் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது தெறித்தாலும், குழந்தை விளையாட்டாகச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கினாலும், அக்காரம் கண்ணின் உட்புறம் வரை இறங்கித் தான் தொட்டதையெல்லாம் கரைக்கின்றது. அந்நேரத்தில் வைத்தியர் வீட்டைத் தேடி ஓடுவதற்கு முன்னரே, கிடைத்த நல்ல தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரமேனும் கண்ணைக் கழுவுதல் வேண்டும். ஒரு கண்ணின் வளையம் அழிந்தவர்க்கு, நலமான மற்றைக் கண்ணின் வளையத்திலிருந்து சிறு துண்டெடுத்து நடும் முறை 1989 முதல் வழங்கிவருகின்றது. அத்துண்டைப் பல நுண்துணுக்குகளாக்கி விதைபோல் தூவி வளர்க்கும் எளிய முறையை ஹைதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 2012இல் வெளியிட்டனர். இரு கண்ணிலும் வளையம் கெட்டவர்க்கு இவ்வழி இல்லை. ஆதலின் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காத்தலே அறிவுடைமை.

மேற்றோலின் கதை இங்ஙனமாக, நார்ப்பகுதியின் கதை வேறு. நார்கள் ஒழுங்காக நிரல்பட்டிருத்தலே அப்பகுதியின் தெளிவுக்குக் காரணம். அது புண்பட்டு ஆறும்போது புதிய நார்கள் தோன்றுகின்றன. ஆனால் பழைய ஒழுங்கு வருவதில்லை. கிழிந்த பட்டைச் சணல் நூலால் தைத்தாற்போல் அவ்விடம் வெளுத்துத் தழும்பாகி நிற்கின்றது. நாம் ‘பூ விழுந்த கண்’ என்பது பெரும்பாலும் இத்தழும்பையே. எனவே மேற்றோலின் காயம் தன் சுவடே தெரியாமல் மறையும். நார்ப்பகுதியின் புண் ஆறினாலும் பார்வையைக் கொண்டே ஆறும். முன்னதைப் பின்னதாகாமல் தடுப்பதே நம் கையில் உள்ள செயல்.

முன்னது பின்னதாவது எவ்வாறு? மேற்றோல் என்னும் கதவு திறந்திருக்கும் அந்த ஒரு நாள், இரு நாளில் நோய்க்கிருமி உட்புகுதலாலே. கண்ணீரில் கிருமிகளைக் கொல்லும் பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய லைசோசைம் என்பதை அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1922இல் வெளியிட்டார். ஆயினும் கீறிய பொருளே கிருமியைச் சுமந்துவந்து உள்ளே ஊன்றிவிடுமாயின், கண்ணீர் மட்டும் என்ன செய்யும்? நம் நாட்டுப்புறத்தில் கண்ணைக் கீறும் பொருள்கள் யாவை? நெற்கதிரின் சுணை, கரும்புத் தோகை, சோளத் தட்டை, கருவேல முள், பதர் தூற்றும்போது பறக்கும் உமி, மாட்டின் வால் வீச்சு. இவையனைத்தும் மண்ணோடும் மக்கலோடும் உறவுடையவை. பூஞ்சைக் காளானின் வித்துக்கள் இவற்றில் இயல்பாகவே ஒட்டியிருக்கும்.

இது வெறும் ஊகமன்று. 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்து, அதன் முடிவை மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டனர். அவர்களுள் 284 பேர், அஃதாவது நூற்றுக்கு 65 பேர், அதற்கு முன்னர்க் கண்ணில் காயம்பட்டவர்கள். புண்ணிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தபோது கிருமி தெரிந்தவர் 297 பேர். அவர்களுள் 140 பேரிடம் பாக்டீரியாவும், 139 பேரிடம் பூஞ்சையும் காணப்பட்டன. பூஞ்சைகளுள் ஃபுசேரியம் என்பதே மிகுதி. அதனை அடுத்து நின்றது அஸ்பெர்ஜில்லஸ். மேலும், 1996இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் 1,00,000 பேருக்கு ஆண்டொன்றில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று. அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தின் ஒரு பகுதியில் அத்தொகை 11. பத்து மடங்கு வேற்றுமை! அந்நாட்டார் கண்ணும் நம்மவர் கண்ணும் ஆறும் திறத்தில் ஒன்றே. வேற்றுமை வேலையிலும், வெயிலிலும், காயத்துக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட நேரத்திலும் உள்ளது.

அந்நேரத்தின் அருமையை அளந்து காட்டிய பெருமை நம் வடபுலத்து அண்டை நாடாகிய நேபாளத்துக்கு உரியது. அங்கே பக்தபூர் மாவட்டத்தில் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி, கண்ணில் கீறல் பட்டு வருவோர்க்குக் குளோரம்பெனிகால் களிம்பை மூன்று நாள் இட்டனர். 2001இல் வெளிவந்த அதன் முடிவு நெஞ்சில் பதிக்கத்தக்கது. காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர் 284 பேர். அவர்களுள் ஒருவர்க்கேனும் புண் உண்டாகவில்லை. 18 மணிக்கு மேல் 24 மணிக்குள் வந்தவர் 109 பேர். அவர்களுள் 4 பேருக்குப் புண் உண்டாயிற்று. 24 மணிக்கு மேல் 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் உண்டாயிற்று. மருந்து ஒன்றே; கண்ணும் ஒன்றே; மாறியது நேரம் மட்டுமே.

அதனைப் பின்பற்றி நம் மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களிலும் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 48,000 மக்கள் வாழும் பகுதியில் 18 மாதம் நடந்த அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. கண்ணில் அடிபட்டு ஊர்த் தொண்டர்களிடம் வந்தவர் 1,365 பேர். அவர்களுள் கருவிழியில் கீறல் கண்டு ஆய்வில் சேர்த்து மருந்திட்டவர் 374 பேர். இவர்களுள் 368 பேருக்கு எத்தீங்குமின்றிக் காயம் ஆறிற்று. ஊரை விட்டு அகலாமலே, சிறு குழாயில் அடங்கும் களிம்பைக் கொண்டு இது நிகழ்ந்தது என்பதை நினைக்குந்தோறும் மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. இத்துணை எளிதாயின், இன்னும் ஏன் கண்கள் கெடுகின்றன?

இதற்கு முதற்காரணம், ஆறும் கண்ணின் புகழைப் பிறர் தட்டிக்கொண்டு போவதே என்று யான் கருதுகின்றேன். கண்ணில் கீறல் பட்டவர்க்குத் தாய்ப்பால் பீச்சுவோரும், இலைச்சாறு பிழிவோரும், விளக்கெண்ணெய் விடுவோரும், நாவினால் தூசியை நீக்குவோரும் நம் ஊர்களில் உண்டு. இவர்களுள் எவரும் தீங்கு நினைப்பவரல்லர், அன்பினாலேயே செய்கின்றனர். கீறல்களிற் பல இவையின்றியும் தாமே ஆறிவிடும் என்பதை மேலே கண்டோம். சாறு பிழிந்த மறுநாள் கண் தெளிந்துவிட்டால், ‘சாறு ஆற்றியது’ என்கின்றோம். ஊர்ந்து சென்று காயத்தை மூடிய அணுக்களை யார் அறிவார்? அதே சாறு கிருமியைச் சேர்த்து ஒரு கண்ணைக் கெடுத்துவிட்டாலோ, ‘தலைவிதி’ என்கின்றோம். ஆறிய கண்ணெல்லாம் மருந்துக்குச் சான்று. கெட்ட கண்ணெல்லாம் விதிக்குச் சான்று. இவ்வாறு கணக்கு எழுதும் கடையில் நட்டம் என்றைக்கும் தெரியாதன்றோ?

பட்டணத்தில் வாழ்வோர் இதனைப் படித்து நாட்டுப்புறத்தாரை எள்ளுதல் வேண்டா. மருந்துக்கடைக்குச் சென்று, ‘கண் சிவந்திருக்கிறது, ஏதேனும் சொட்டு மருந்து கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் அதனினும் கொடிது. அவ்வாறு வாங்குவனவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை சிவப்பையும் வலியையும் விரைவில் தணிக்கும். பூஞ்சை புகுந்த கண்ணிலோ அதன் வளர்ச்சிக்கு வழிதிறந்துவிடும். காவலன் வாயை மூடிக் கள்வனுக்குக் கதவு திறந்தாற்போல்வது இது. மரப்பு மருந்துச் சொட்டை வலிக்குந்தோறும் விடுதலும் தீது; அது அணுக்களின் ஊர்தலையே தடுத்துவிடும். கண்ணை இறுகக் கட்டிவைத்தால் விரைவில் ஆறும் என்பதும் பழைய எண்ணமே. கட்டுதலால் விரைவு உண்டாகவில்லை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இலை, முள் கீறிய கண்ணைக் கட்டுதல் கிருமிக்கு வெதுவெதுப்பான வீடு அமைத்தல் போலாகும்.

பூஞ்சைப் புண் வேரூன்றிய பின்னர் மருந்தில்லை என்பதன்று. நேட்டமைசின் என்னும் சொட்டு மருந்தே வோரிகோனசோல் என்னும் பிந்திய மருந்தினும் சிறந்தது என்பது 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றால் நிலைநாட்டப்பட்டது. மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களின் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு அது நடைபெற்றது. உலகத்துக் கண் மருத்துவர்க்கு நம் மதுரை கற்பித்த பாடங்களுள் அஃதொன்று. ஆயினும் அம்மருந்தைப் பல வாரம் இரவும் பகலும் விடவேண்டும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். சிலர்க்கு இறந்தவர் ஈந்த கண்ணிலிருந்து படலம் எடுத்துப் பொருத்தவும் நேரும். முதல் நாளில் ஒரு குழாய்க் களிம்பால் முடியும் காரியம், பத்தாம் நாளில் பெருஞ்செலவாலும் முற்ற முடிவதில்லை.

இரண்டாம் காரணம் அறியாமையன்று, கூலி. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலையை விட்டு மதுரைக்குப் பேருந்தேறுவோர்க்கு அன்றைய கூலி போகின்றது. போக்குவரத்துச் செலவு சேர்கின்றது. உடன் வருபவர் கூலியும் போகின்றது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அவர் சொல்வது சோம்பலாலன்று, கணக்கினாலே. நேபாளத்திலேயே பின்னர் நடந்து 2022இல் முடிவு வெளிவந்த மிகப் பெரிய ஆய்வொன்றில், தொண்டர்களை அமர்த்திய ஊர்களுக்கும் அமர்த்தாத ஊர்களுக்கும் புண்ணின் தொகையில் வேற்றுமை காணப்படவில்லை. இதனைக் கொண்டு களிம்பு பயனற்றது என்று முடிவு கட்டுதல் தகாது. மருந்து ஊரில் இருந்தால் மட்டும் போதாது, காயம்பட்டவர் அன்றைக்கே அதனிடம் வரவும் வேண்டும் என்பதே யான் அதனின்று கொள்ளும் பாடம். அங்ஙனம் வருவதற்கு அறிவும் வேண்டும். வரவிடும் மனமும் வேலை கொடுப்போர்க்கு வேண்டும்.

ஆதலின் யான் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, வயலிலோ கல்லுடைக்கும் இடத்திலோ பட்டறையிலோ கண்ணில் காயம்பட்டவர்க்கு அன்றைய கூலியைக் குறையாமல் கொடுத்து அன்றைக்கே அனுப்புதலை ஊர் வழக்கமாக்குதல் வேண்டும். நம் மாணவருள் பலர் நிலமுடையோர் மக்கள். அவர்கள் தம் வீட்டுக் களத்திலேயே இதனைத் தொடங்கலாம். இரண்டாவது, பயிற்சி பெற்ற ஒருவரும் சிறிது களிம்பும் எட்டும் தூரத்தில் ஒவ்வோர் ஊர்க்கும் இருத்தல் வேண்டும். கண் மருத்துவமனைகள் ஊர்ப்புறங்களில் நடத்தும் சிறு நிலையங்கள் இதற்குத் துணையாகும். மூன்றாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் சில சொற்களைத் தம் வீட்டிலும் தெருவிலும் சொல்லுதல் வேண்டும்: கசக்காதே, தூய தண்ணீரால் கழுவு, குத்தி நிற்பதைப் பிடுங்காதே, சாறும் பாலும் விடாதே, கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதே, பொழுது சாயுமுன் கண் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டு.

இவை மிகச் சிறியவை என்று சிலர் கருதலாம். 1976இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் ஒரு வீட்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய கண் மருத்துவமனையும் அன்று சிறியதாகவே இருந்தது. கற்றவர் தம் கல்வியைச் சொற்பொழிவிலும் பட்டத்திலும் அளப்பதை விட்டு, தம் ஊரில் இவ்வாண்டு எத்தனை கண்கள் கெடாமல் நின்றன என்பதால் அளப்பாராயின், அதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வன்மையை இறைவன் கண்ணுக்கு நிறைய அளித்திருக்கின்றான். அது நம்மிடம் கேட்பதெல்லாம் ஒரு நாள். அதுவும் முதல் நாள். கண் கெட்ட பின்பு சூரிய நமஸ்காரம் எதற்கு? வரும் தை அறுவடைக்கு முன்னரே அந்த முதல் நாளின் அருமையை நம் ஊரார் அறியச் செய்வோமாக.